கேள்வியும் கேளாத மாணாக்கரும்

தமிழர் கல்வியைக் காதின் வழியாகவே நெடுங்காலம் பெற்று வந்தனர். திருக்குறளிலே கல்வி, கல்லாமை என்னும் அதிகாரங்களை அடுத்து நிற்பது கேள்வி என்னும் அதிகாரம். ஒரு புலனின் தொழிலுக்குரிய பெயரே கற்றாரிடத்துப் பெறும் அறிவுக்கும் பெயராயிற்று. திண்ணைப் பள்ளிக்கூடத்திலே சட்டம்பியார் முறை வைத்துச் சொல்ல, மாணாக்கர் திருப்பிச் சொன்னார்கள். கோயில் மண்டபத்திலே ஒருவர் கந்தபுராணம் வாசிக்க, மற்றொருவர் பயன் சொல்ல, எழுத்தறியாத உழவனும் சூரபன்மன் வதையை வரிசை தவறாது சொல்லத்தக்கவனானான். ஏடு தொட இயலாதவனுக்கும் கல்வி உண்டு என்பது அம்முறையின் பெருமை. காது கேளாதவனுக்கு அங்கே இடமில்லை என்பது அதன் மறுபுறம். இம்மறுபுறத்தை வரலாறெழுதினோர் அதிகம் பார்த்தாரல்லர்.

புறநானூற்றின் 28ஆம் பாட்டு மக்கட் பிறப்பிற் காணப்படும் எண்வகைக் குறைகளை எண்ணுமிடத்து, ஊமையையும் செவிட்டையும் வெவ்வேறாக வைத்து எண்ணுகின்றது. அவ்விரண்டுக்குமுள்ள தொடர்பு அங்கே பேசப்படவில்லை. பிறவியிலே ஊமையர் எனப்படுவோருள் மிகப் பலர் வாயிற் பழுதில்லாதவர். காது கேளாமையினாலே பேச்சைப் பெறாதவர். மாணிக்கவாசக சுவாமிகளின் சரித்திரத்தில் ஈழத்தரசன் ஒருவனின் ஊமைப் பெண் தில்லையிலே வாய் திறந்து விடை கூறினாள் எனத் திருவாதவூரர் புராணம் கூறும். திருச்சாழலை அந்நிகழ்ச்சியோடு இயைத்துப் பேசுதல் சைவர் மரபு. அப்பெண்ணின் வாய் திறந்தது. செவி முன்னரே திறந்திருந்ததோ, அதுவும் அப்பொழுதுதான் திறந்ததோ என்பதைக் கேட்டார் இலர். ஊமை என வாயைக் குறித்துப் பெயரிட்ட சமூகம், குறை காதில் இருப்பதை நினையாது, பேச வைத்தலே பரிகாரம் என எண்ணியது. தட்சிணாமூர்த்தியின் சின்முத்திரையில் கையே குருவாக நிற்கக் கண்டு வணங்கிய மக்கள், தம் வீட்டிலே கையாற் பேசிய பிள்ளையை அறிவிலி என ஒதுக்கியது வியப்புக்குரியது.

இத்தவறு தமிழருக்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பாவிலும் இதுவே ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நடந்த பெரும் வாதத்தின் மூலம். பாரிஸ் நகரிலே லெப்பே என்னும் குரு, காது கேளாத இரு சகோதரியருக்குக் கற்பிக்கத் தொடங்கி, 1760ஆம் ஆண்டளவிற் பள்ளியொன்றை நிறுவினார். காது கேளாதோர் தமக்குள் வழங்கிய கைச்சைகைகளை அவர் இழிவாகக் கொள்ளாது கற்று, அவற்றைக் கருவியாக்கிப் பிரெஞ்சு மொழியைக் கற்பித்தார். 1778இல் லைப்சிக் நகரிற் பள்ளி தொடங்கிய ஹைனிக்கே என்பவர் இதற்கு மாறாக, உதட்டசைவைப் பார்த்துப் பேச்சை உணர்த்துதலும் வாயாற் பேசப் பழக்குதலுமே கல்வி என வாதித்தார். 1880இல் மிலான் நகரிற் கூடிய ஆசிரியர் மகாநாடு ஹைனிக்கேயின் பக்கம் சாய்ந்து, வகுப்பறையிலிருந்து சைகையை விலக்கித் தீர்மானம் நிறைவேற்றியது. வாக்களித்த 164 பேருள் ஒருவர் மட்டுமே காது கேளாதவர் என்பர். அதன்பின் பல நாடுகளிற் பிள்ளைகள் கையசைப்பது குற்றமாயிற்று. அம்மகாநாட்டின் வழிவந்த அமைப்பே 2010இல் வன்கூவரிற் கூடி, அத்தீர்மானங்களை நிராகரித்து வருத்தம் தெரிவித்தது. இடையிற் சென்றவை 130 ஆண்டுகள்.

மிலான் தீர்மானம் புதிதாயிருந்த காலத்திலேதான் எமது பிரதேசங்களில் இப்பள்ளிகள் எழுந்தன. பம்பாயில் 1885இலும், கல்கத்தாவில் 1893இலும், பாளையங்கோட்டையிலே புளோரன்ஸ் சுவெயின்சன் அம்மையாரின் முயற்சியால் 1890களிலும் அவை தோன்றின. இலங்கையில் 1912ஆம் ஆண்டு மேரி சப்மன் அம்மையார் தொடங்கிய பள்ளியே முதலாவது. சில காலத்திற் கல்கிசை, இரத்மலானைப் பகுதியில் அது நிலைபெற்றது. சப்மன் அம்மையாரும் சுவெயின்சன் அம்மையாரும் இங்கிலாந்துத் திருச்சபையின் செனானா மிஷனைச் சேர்ந்தவர்கள். சப்மன் அம்மையார் பின்னர் பர்மாவுக்குச் சென்று இரங்கூனிலும் 1920இல் இத்தகைய பள்ளியொன்றைத் தாபித்தார். அரசாங்கமும் ஊர்ப் பெரியோரும் கைவிட்டிருந்த பிள்ளைகளை முதலிற் கூட்டிச் சேர்த்தவர்கள் இவர்களே என்பதை மறுத்தல் நன்றியன்று.

ஆயினும் இரத்மலானைப் பள்ளியின் பெயரிலேயே பிற்காலக் குழப்பமொன்றின் வித்து இருந்தது. அது செவிப்புலனற்றோருக்கும் விழிப்புலனற்றோருக்கும் பொதுவான பள்ளி. ஈகையாளர் கண்ணுக்கு இருவரும் ஒரே வகை இரக்கத்துக்கு உரியவர். செலவைச் சுருக்கவும் அது உதவியது. கல்வி நோக்கிலோ இருவரும் எதிரெதிரானவர். விழிப்புலனற்ற பிள்ளைக்கு ஆசிரியரின் சொல் தடையின்றிச் சென்று சேரும். அச்சிட்ட நூல் மட்டுமே மறைந்திருக்கும். அதனைப் புள்ளியெழுத்தாக்கிக் கொடுத்தால் வாசல் திறந்துவிடும். செவிப்புலனற்ற பிள்ளைக்கு நூல் கண்முன் கிடக்கும்; அந்நூல் எழுதப்பட்ட மொழியே அதற்குப் போய்ச் சேர்ந்திராது. ஒருவருக்குத் தேவை எழுத்து மாற்றம். மற்றவருக்குத் தேவை ஒரு மொழி.

தமிழ்ப் பிள்ளைகளுக்கென வடபகுதியிற் கைதடியில் நவீல்ட் பாடசாலை 1956இல் உருவாயிற்று. அதுவும் இருசாராருக்கும் பொதுவான விடுதிப் பாடசாலையே. இரத்மலானைக்குப் பிள்ளையை அனுப்பத் துணியாத பெற்றோருக்குக் கைதடி அண்மையாகத் தோன்றியது; அங்கே வீட்டிற் பேசும் தமிழே கற்பிக்கும் மொழியுமாயிற்று. வன்னிக்கு அது எவ்வளவு அண்மை என்பது வேறு வினா. இரணைமடு நீர்ப்பாய்ச்சலை நம்பிக் காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்கள் கிளிநொச்சியை ஊராக்கிக்கொண்டிருந்த காலம் அது. 1984இல் தனி மாவட்டமாகும் வரை கிளிநொச்சி யாழ்ப்பாண மாவட்டத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது. ஆனையிறவைக் கடந்து 50 கிலோமீற்றருக்கு மேற் சென்று, ஐந்தாறு வயதுப் பிள்ளையை விடுதியில் விட்டு வருதல் கமக்காரக் குடும்பத்துக்கு எளிய காரியமன்று. முத்தையன்கட்டிலும் ஒட்டுசுட்டானிலும் இருந்தோருக்கு வழி இன்னும் நீளம். பலர் பிள்ளையை வீட்டோடு வைத்துக்கொண்டனர். மாடு மேய்க்கவும் வயலிற் காவலிருக்கவும் அப்பிள்ளைக்குப் பேச்சு வேண்டியிருக்கவில்லை.

விடுதிப் பள்ளியைப் பற்றி இக்காலத்தார் குறைவாகப் பேசுவர். பெற்றோரைப் பிரிப்பது, ஊரிலிருந்து அந்நியமாக்குவது என அவர் சொல்லும் குறைகள் மெய். ஆனால் அங்கே நிகழ்ந்த ஒன்றை அவர் காணத் தவறுகின்றனர். பாடவேளையில் ஆசிரியர் எம்முறையைக் கையாண்டாலும், இரவு விடுதியிலே பிள்ளைகள் தமக்குள் கையாற் பேசினர். மூத்தோர் சைகையை இளையோர் கற்றனர். ஆண்டுதோறும் அது வளம் பெற்றது. இலங்கையில் ஒவ்வொரு பள்ளியைச் சுற்றியும் வெவ்வேறு சைகை வழக்குகள் வளர்ந்துள்ளன என ஆய்வாளர் கூறுவதன் காரணம் இதுவே. நிக்கராகுவா நாட்டில் இது உலகறிய நடந்தது. 1977இலும் அதனை அடுத்த ஆண்டுகளிலும் மனாகுவா நகரிற் செவிப்புலனற்ற பிள்ளைகளை முதன்முறையாக ஒருங்கு சேர்த்தனர். ஆசிரியர் உதட்டசைவைக் கற்பிக்க முயன்றுகொண்டிருக்க, பிள்ளைகள் விளையாட்டிடத்திலும் பேருந்திலும் தாமே புதியதொரு சைகைமொழியை ஆக்கினர். இளம் பிள்ளைகள் வாயில் அது இலக்கணமும் பெற்றது. வாய் என்பதற்குக் கை எனப் படிக்க. மொழி தோன்றுவதற்குப் பிள்ளைகள் பலர் ஓரிடத்திற் கூடவேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று கிடைப்பதரிது.

1960களின் இறுதியில் இலங்கைக் கல்விப் பகுதி விழிப்புலனற்ற மாணவர்களைச் சாதாரண பாடசாலைகளில் ஒன்றிணைக்கத் தொடங்கியது. சில ஆண்டுகளிற் செவிப்புலன் குறைந்தோரும் அத்திட்டத்துள் வந்தனர். நோக்கம் நல்லது. பிள்ளை தன் வீட்டிலிருந்து தன் ஊர்ப் பள்ளிக்குச் செல்லும். மற்றப் பிள்ளைகளோடு பழகும். விழிப்புலனற்றோர் வகையில் அது நற்பயன் தந்தது. பல்கலைக்கழகம் புகுந்தோரும் உளர். அவ்வெற்றியையே அளவுகோலாக்கிச் செவிப்புலனற்றோரையும் அதே வழியில் விட்டமைதான் பிழை. பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் கூடி மொழி வளர்த்த இடத்திலிருந்து ஒரு பிள்ளையைப் பிரித்து, நாற்பது பேருள்ள வகுப்பில் தனியே இருத்தினால், அப்பிள்ளை சேர்க்கப்பட்டதாகப் பதிவேடு சொல்லும். உண்மையிலே அது முன்னையினும் தனிமைப்பட்டது.

உதட்டைப் பார்த்து விளங்கிக்கொள்ளலாமே என்று கேட்போர் கண்ணாடி முன்னின்று சில சொற்களைச் சொல்லிப் பார்த்தல் நன்று. பாலை, மாலை என்னும் இரண்டுக்கும் உதடு ஒரே விதமாகவே அசையும். மரம், பரம் என்பனவும், பாடம், மாடம் என்பனவும் அத்தகையன. பகரமும் மகரமும் உதட்டிலே பிறப்பினும், அவற்றை வேறுபடுத்துவது மூக்கொலி. அது கண்ணுக்குப் புலனாகாது. கலை, களை, கழை என்பவற்றின் வேறுபாடு வாயினுள் நாவின் வளைவிலே கிடக்கின்றது. லகர ளகர ழகரப் பாகுபாட்டைத் தமிழின் தனிச்சிறப்பெனப் பாராட்டும் ஆசிரியர், அதனை நாற்பதடி தூரத்திலிருந்து கண்ணால் அறியுமாறு ஒரு பிள்ளையை விடுத்தல் யாங்ஙனம் நியாயமாகும்? அன்றியும் ஆசிரியர் கரும்பலகையை நோக்கித் திரும்பிய கணமே பாடம் நின்றுவிடுகின்றது. கேட்டற் கருவியும் முழுப் பரிகாரமன்று. அது ஆசிரியர் குரலோடு அயல் வகுப்பின் ஓசையையும் சேர்த்தே பெருக்கும். அரைச் சுவரும் தகரக் கூரையும் கொண்ட வன்னிக் கட்டடத்தில், மாரி மழை பெய்யும்போது கேட்கும் காதினருக்கே பாடம் கேட்பதில்லை.

வகுப்பறையிலே ஆசிரியர் பேசப் பேச அதனைச் சைகைமொழியிற் பெயர்த்துக் காட்டும் உரைபெயர்ப்பாளர் ஒருவர் வேண்டும் என்னும் கோரிக்கை இந்நிலையிலேதான் எழுகின்றது. இக்கோரிக்கை நீதிமன்றத்துக்குச் சென்ற வழக்குகளுள் முதன்மையானது அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1982இல் தீர்க்கப்பட்டது. நியூயோர்க் மாநிலத்துப் பாடசாலையொன்றிற் படித்த எமி ரௌலி என்னும் சிறுமி செவிப்புலன் மிகக் குறைந்தவள். பெற்றோர் இருவரும் செவிப்புலனற்றவர். அங்கவீனமுற்ற பிள்ளைகள் யாவர்க்கும் தக்க கல்வி வழங்கவேண்டும் என்னும் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டி, மகளுக்கு உரைபெயர்ப்பாளர் ஒருவர் வேண்டுமெனப் பெற்றோர் வழக்கிட்டனர். கீழ்நீதிமன்றங்கள் அவர்கள் பக்கம் நின்றன. மேலுயர் நீதிமன்றமோ, சிறுமி வகுப்பேற்றம் பெற்றுச் சராசரிக்கு மேலாகவே படிக்கின்றாள். ஆதலின் சட்டம் வேண்டும் அளவு கல்வி அவளுக்குக் கிடைக்கின்றது எனப் பெரும்பான்மையாகத் தீர்த்தது. வகுப்பிற் பேசப்படுவதில் அரைப்பங்குக்கும் குறைவே அவளுக்கு எட்டுகின்றது என மாறுபட்ட நீதியரசர் எடுத்துக்காட்டினார். கெட்டிக்காரப் பிள்ளை அரைப்பாடத்தைக் கொண்டே தேறிவிட்டதனால், மற்ற அரைப்பாடம் அதற்கு உரியதன்று என்பது அத்தீர்ப்பின் பொருள். சட்ட நுட்பம் எவ்வாறாயினும், ஆசிரியத் தொழில் செய்வோர் மனம் இதனை ஏற்பதரிது.

இலங்கையருக்கு இவ்விடயத்தில் அயல்நாட்டுத் தீர்ப்பு வேண்டியதில்லை. ஆங்கிலேயர் ஆட்சியிலே ஒவ்வொரு நீதிமன்றத்திலும் துவிபாஷியாக முதலியார் ஒருவர் இருந்தார். சாட்சி தமிழிற் சொல்ல, அவர் ஆங்கிலத்திற் பெயர்த்து நீதவானுக்கு உரைப்பார். அப்பதவி ஊரிலே மதிப்புக்குரியதாயும் இருந்தது. குற்றவாளிக் கூண்டில் நிற்பவனுக்கு வழக்கு விளங்காவிடின் விசாரணை விசாரணையாகாது என்பதை அந்நிய அரசே ஒப்புக்கொண்டது. மாட்டுத் திருட்டு வழக்குக்குக் கிடைத்த அவ்வுரிமை, கணித பாடத்துக்கு ஏன் கிடைக்கலாகாது என்பதற்குத் தக்க விடை எவராலும் கூறப்பட்டிலது.

வன்னியின் பிற்கால வரலாறு இக்குறையை மேலும் ஆழமாக்கிற்று. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் பெயர்ந்து தென்மராட்சியிலும் பின் வன்னியிலும் நிறைந்தனர். 1996இற் கிளிநொச்சி நகரம் வெறுமையாயிற்று. கண்டி வீதி 2002இல் திறந்து 2006 ஆகஸ்டில் மீண்டும் மூடப்பட்டது. வீதி மூடப்பட்ட காலங்களில் வன்னிப் பிள்ளைக்குக் கைதடி கடல் கடந்த நாடு போலாயிற்று. முல்லைத்தீவு மாவட்டத்து வள்ளிபுனத்தில் இயங்கிய இனிய வாழ்வு இல்லம் செவிப்புலன், விழிப்புலன் குறைந்த பிள்ளைகள் சிலரை அரவணைத்தது. 2009இன் தொடக்கத்தில் அதுவும் போரின் நடுவில் அகப்பட்டது. எறிகணை வரும் ஓசையைக் கேளாத பிள்ளை, மற்றவர் ஓடுவதைக் கண்டே ஓடவேண்டியிருந்தது. இரவில் அதுவும் இல்லை. செட்டிகுளத்து முகாம்களில் அறிவித்தல்கள் ஒலிபெருக்கியில் வந்தன. வெடியோசையினாற் செவிப்பறை கிழிந்தும் உட்செவி பழுதுற்றும் கேள்வியை இழந்தோர் முன்னையோருடன் சேர்ந்தனர். இவர்கள் மொழியை அறிந்தபின் செவியை இழந்தவர்கள். எழுத்துத் தமிழ் இவர்களுக்கு உதவும். பிறவியிலேயே கேளாதவருக்கு அது உதவாது. இருவரையும் ஒரே பட்டியலில் எழுதுவது அலுவலகங்களின் வழக்கம். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீடு இலங்கையில் ஐந்து வயதுக்கு மேற்பட்டோருள் 3,89,077 பேருக்குக் கேட்டலில் இடர்ப்பாடு உண்டெனக் கணித்தது. முதுமையாற் கேள்வி மந்தமானவரும் அதில் அடங்குவர்.

சட்டங்கள் குறைவில்லை. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், வலுவிழந்தோர் கல்வி நிறுவனங்களிற் பாகுபாட்டுக்கு உள்ளாகலாகாது என்றது. ஐக்கிய நாடுகளின் வலுவிழந்தோர் உரிமைச் சமவாயத்தை இலங்கை 2007இல் ஒப்பமிட்டு 2016இல் ஏற்புறுதி செய்தது. அதன் 24ஆம் உறுப்புரை சைகைமொழி கற்றலுக்கு வழிசெய்யுமாறும், செவிப்புலனற்றோரின் மொழியடையாளத்தைப் பேணுமாறும் அரசுகளைப் பணிக்கின்றது. அதே 2016இல் கட்டாயக் கல்வி வயது 16 ஆக உயர்த்தப்பட்டது. ஆகவே இன்று பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாத பெற்றோர் சட்டத்தை மீறுபவர். அனுப்பப்பட்ட பிள்ளைக்குப் பாடம் விளங்காவிடின் அதற்கு விடை கூறவேண்டியவர் எவரெனக் காண்பதரிது.

உரைபெயர்ப்பாளர் ஒருவரை வகுப்பில் நிறுத்துதல் சிலர் நினைப்பதுபோற் சிறு காரியமன்று. இடைவிடாது பெயர்ப்போருக்கு அரைமணி நேரத்துள் கையும் கருத்தும் சோர்ந்துவிடும். ஆதலின் நெடும் பாடத்துக்கு இருவர் மாறி மாறி நிற்றல் பிற நாடுகளின் வழக்கம். ஒளிச்சேர்க்கை, பின்னம், சமவுரிமை போன்ற சொற்களுக்கு முன்கூட்டியே சைகை இணக்கம் செய்யப்படல் வேண்டும். இன்றேல் எழுத்தெழுத்தாக விரலாற் காட்ட, பாடம் முந்திப் போய்விடும். பிள்ளையின் கண் ஒரே வேளையில் கரும்பலகையையும் உரைபெயர்ப்பாளரையும் பார்க்கமாட்டாது. ஆசிரியர் எழுதியபின் சிறிது பொறுத்துப் பேசப் பழகவேண்டும். இவை யாவற்றினும் முதன்மையானது ஒன்றுண்டு. சைகைமொழி அறியாத பிள்ளைமுன் உரைபெயர்ப்பாளரை நிறுத்துதல், தமிழறியாதவன்முன் கம்பராமாயணப் பிரசங்கம் வைப்பதையொக்கும். முதலாம் வகுப்புக்கு முன்னரே பிள்ளைக்கு மொழி வேண்டும். தாய்க்கும் அம்மொழி வேண்டும். ஊருக்கொரு பிள்ளையெனச் சிதறவிடாது, கிளிநொச்சி போன்ற நகரில் ஒரே பாடசாலையிற் பலரைச் சேர்த்து, அங்கே சைகையறிந்த ஆசிரியரையும் உரைபெயர்ப்பாளரையும் வைத்தல், விடுதிப் பள்ளியின் நலனையும் பொதுப் பாடசாலையின் நலனையும் ஓரளவு இணைக்கும் வழி. இது சிக்கனமும் ஆகும்.

அம்மொழியைக் கற்பிப்பவர் யார் என்பதற்கும் வரலாற்றில் விடையுண்டு. 1816இல் பாரிஸ் பள்ளியின் பழைய மாணவரும் ஆசிரியருமான லோரன் கிளேர்க் என்னும் செவிப்புலனற்ற இளைஞர், கலோடெற் என்னும் அமெரிக்கருடன் 52 நாள் கப்பற் பயணம் செய்தார். வழிநெடுகத் தாம் அவருக்குச் சைகை கற்பித்து, அவரிடம் ஆங்கிலம் கற்றுக்கொண்டார். மறுவருடம் ஹாட்போர்ட் நகரிற் பள்ளி திறந்தது. அங்கே கற்பித்தோருள் கிளேர்க் தலையானவர். கைதடியிலே படித்துச் சைகையோடு ஊர் திரும்பியோர் வன்னியின் பல கிராமங்களிலும் தையலும் தச்சும் கமமும் செய்து வாழ்கின்றனர். போருக்குப் பின் வள்ளிபுனத்து இல்லத்திலிருந்து வளர்ந்து வந்தோரும் அவர்களோடு உளர். பாடசாலை ஆளணிப் பட்டியலில் அதிபருக்கும் ஆசிரியருக்கும் காவலாளிக்கும் இடமிருக்கின்றது. இவர்களுக்குரிய பதவிப் பெயர் அதிலே இன்னும் எழுதப்பட வேண்டியதாயிருக்கின்றது.